ஆலை மூடிய பிறகு: மரியன்டால் ஊரின் வறுமையும் அன்றாட வாழ்வும் – ஒரு நிகழ்வு ஆய்வு

ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவுக்குத் தென்கிழக்கே, கிராமாட்நொய்சீடல் என்னும் ஊரை ஒட்டி, மரியன்டால் என்ற தொழிலாளர் குடியிருப்பு இருக்கிறது. 1830-இல் ஹெர்மன் டொடெஸ்கோ அங்கே நிறுவிய நூற்பாலைதான் அது உருவாகக் காரணம். ஆலை வளர வளர வரிசை வீடுகள் எழுந்தன. மாளிகையும் அதைச் சுற்றிய பூங்காவும் அமைந்தன. நூலகம், விளையாட்டுச் சங்கம், தொழிற்சங்கம் எல்லாம் வந்து சேர்ந்தன. தாத்தா வேலை பார்த்த ஆலையிலேயே பேரனும் வேலைக்குச் சேர்வது அங்கே இயல்பாக இருந்தது. 1929 ஜூலையில் நூற்புப் பிரிவு மூடப்பட்டது. அடுத்தடுத்து அச்சுப் பிரிவும் வெளுப்புப் பிரிவும் நின்றன. 1930 பிப்ரவரியில் தறிகளும் ஓய்ந்தன. பிறகு கட்டடங்களை இடிக்கும் வேலை தொடங்கியது. நேற்றுவரை தாங்கள் வேலை பார்த்த இடத்தில் இடிபாட்டுக் குவியலும் நசுங்கிய கொதிகலன்களும் கிடப்பதைத் தொழிலாளர்கள் தம் வீட்டு ஜன்னல்களிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது அந்தக் குடியிருப்பில் 478 குடும்பங்களும் 1,486 பேரும் இருந்தனர். ஏறத்தாழ முக்கால்வாசிக் குடும்பங்களில் சம்பாதிப்பவர் என்று ஒருவர்கூட இல்லை. ஒரே முதலாளி, ஒரே தொழில், சில மாதங்களுக்குள் எல்லோருக்கும் வேலையில்லை என்ற நிலை வேறெங்கும் இவ்வளவு தெளிவாக அமைவது அரிது. அதனால்தான் வேலையின்மை ஒரு சமூகத்தை என்ன செய்கிறது என்பதை அறிய விரும்பிய ஆய்வாளர்கள் இந்த ஊரைத் தேர்ந்தெடுத்தார்கள். 1931-இன் இறுதியில் தொடங்கி 1932 வரை நீண்ட அந்த ஆய்வு, சமூகவியலில் இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது.

அப்படி எடுத்துக்காட்டுபவர்களில் பலரும் அதிலிருந்து ஒரே முடிவைத்தான் எடுத்துச் செல்கிறார்கள்: மனிதனுக்கு வேலை என்பது பணத்துக்காக மட்டும் அல்ல, வேலை போனால் வாழ்வின் ஒழுங்கே குலைந்துவிடுகிறது என்பதே அது. இது தவறில்லை, ஆனால் பாதிதான் உண்மை. அந்த ஆய்வின் விவரங்களை ஒன்றோடொன்று வைத்துப் படித்தால், மரியன்டால் மக்கள் சோர்ந்து ஒடுங்கியதில் மூன்று காரணங்கள் பின்னிக் கிடப்பது தெரிகிறது. வேலை இல்லாமை ஒன்று. கையில் காசு இல்லாமை இன்னொன்று. எந்தச் சிறு வேலையையும் செய்யவிடாத உதவித்தொகை விதிகள் மூன்றாவது. மூன்றாவதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

ஆய்வு நடந்த விதம்

மரீ யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் ஆகிய மூவரும் இதன் முதன்மை ஆய்வாளர்கள். மூவரும் அப்போது இளைஞர்கள்; வியன்னாவின் சமூக ஜனநாயகக் கட்சியோடு நெருக்கமானவர்கள். தொழிலாளர்களின் ஓய்வு நேரத்தை ஆராயலாம் என்பதே லாசர்ஸ்ஃபெல்டின் முதல் திட்டம். நாடு முழுவதும் வேலையின்மை வாட்டும்போது ஓய்வு நேரத்தை ஆராய்வதா என்று அதைத் தடுத்து, வேலையின்மையையே ஆராயும்படி சொன்னவர் கட்சித் தலைவர் ஓட்டோ பௌவர். வேலையிழந்த தொழிலாளி புரட்சிக்காரன் ஆவானா, விரக்தியில் முடங்குவானா என்பது அன்றைய இடதுசாரிகளுக்கு ஏட்டுக் கேள்வியாக இருக்கவில்லை.

ஊருக்குள் நுழைந்த முறையில்தான் இந்த ஆய்வு தனித்து நிற்கிறது. குறிப்பேட்டோடு வந்து கேள்வி கேட்டுவிட்டுப் போகும் பார்வையாளராக யாரும் இருக்கக் கூடாது. ஒவ்வொருவரும் ஊருக்குப் பயன்படும் ஏதோ ஒரு பணியைச் செய்தே ஆக வேண்டும் என்று தமக்குத் தாமே விதி வகுத்துக்கொண்டார்கள். வியன்னாவில் 200 கிலோ பழைய துணி திரட்டி, பழுது பார்த்து, குடும்பங்களுக்கு வழங்கினார்கள். துணி கொடுக்கும் முன் எதெது தேவை என்று கேட்கப் போனதே 100 வீடுகளின் உள்நிலையைப் பார்க்கும் வாய்ப்பாயிற்று. இலவச மருத்துவ ஆலோசனை, தையலுக்கு அளவு வெட்டும் பயிற்சி, சிறுமிகளுக்கு உடற்பயிற்சி வகுப்பு ஆகியவையும் நடந்தன. குழுவைச் சேர்ந்த லோட்டே டான்சிங்கர் பல வாரங்கள் ஊரிலேயே தங்கினார்.

சேர்த்த தகவல்களின் வகை வியப்பூட்டுகிறது: 478 குடும்பங்களுக்கும் தனித்தனி அட்டைகள், 62 பேரின் வாழ்க்கை வரலாறு, 80 பேர் மணி வாரியாக எழுதிய நாள்குறிப்பு, நாற்பதுக்கும் மேற்பட்ட குடும்பங்களின் ஒரு வாரச் சாப்பாட்டுக் கணக்கு, மாணவர்களின் கட்டுரைகள், கடை விற்பனை, நூலகப் பதிவேடு. எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 30 கிலோ எடை இருந்ததாக அவர்களே பதிவு செய்திருக்கிறார்கள். ஆய்வு 1933-இல் ஜெர்மனியில் நூலாக வந்தபோது, ஹிட்லர் ஆட்சிக்கு வந்துவிட்டதால், யூதப் பெயர்கள் என்று தெரியக்கூடிய ஆசிரியர் பெயர்கள் முகப்பில் இடப்படவில்லை. அடுத்த சில ஆண்டுகளில் மூவரும் நாட்டை விட்டே வெளியேற வேண்டியதாயிற்று.

உதவித்தொகையும் அதன் நிபந்தனைகளும்

வேலையிழந்தவருக்கு முதலில் வேலையின்மை உதவித்தொகை கிடைத்தது. அதன் அளவு முன்பு வாங்கிய கூலியையும் வேலை பார்த்த காலத்தையும் பொறுத்தது. சில மாதங்களில் அது தீர்ந்ததும், அதைவிடக் குறைந்த நெருக்கடி நிவாரணம் தொடங்கும். அதற்கும் ஒரு கெடு உண்டு. கெடு முடிந்தால் ஒன்றும் இல்லை. ஆய்வு நடந்த காலத்தில் ஊரின் பல குடும்பங்கள் இந்தப் படிகளில் கீழே இறங்கிக்கொண்டிருந்தன. அடுத்த படி எப்போது வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தக் காலண்டரைக் கையில் வைத்துக்கொண்டுதான் அவர்கள் வாழ்ந்தார்கள்.

பணம் 14 நாளுக்கு ஒருமுறை வழங்கப்பட்டது. ஊரின் காலக்கணக்கே அதைச் சுற்றி மாறியது. ஞாயிற்றுக்கிழமைக்கு இருந்த சிறப்பு போய், பணம் வாங்கும் நாள்தான் எல்லாவற்றுக்கும் மையமாயிற்று. கடனை அடைப்பதும் சமையல் கொஞ்சம் தேறுவதும் அன்றைக்குத்தான். அந்த நாளுக்கு முந்தைய தினம் பள்ளிக்கு வெறும் ரொட்டியோடு வந்த பிள்ளைகளும் ஒன்றுமே கொண்டுவராத பிள்ளைகளும் இருந்தார்கள். மறுநாளே அதே பிள்ளைகளின் பொட்டலங்கள் வேறு மாதிரி இருந்தன. வீட்டில் காசு புரளும் நாள் எது, வற்றும் நாள் எது என்பதை மதிய உணவுப் பொட்டலத்தைப் பார்த்தே ஆசிரியர் சொல்லிவிடக்கூடிய நிலை.

நிபந்தனைகளைக் கவனித்தால்தான் இந்த நிகழ்வின் உள்முடிச்சு புரியும். உதவி பெறும் ஒருவர் எந்தச் சம்பாத்தியத்திலும் ஈடுபடக் கூடாது; ஈடுபட்டது தெரிந்தால் தொகை நிறுத்தப்படும். விறகுக்காக மரம் வெட்டிக் கொடுத்தவர், பால் ஊற்றிக் கொடுத்துத் தன் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் பால் பெற்ற பெண், தெருவில் ஹார்மோனிகா வாசித்துச் சில்லறை பெற்றவர் ஆகியோரின் தொகை நிறுத்தப்பட்ட சம்பவங்களை ஆய்வு பதிவு செய்திருக்கிறது. ஹார்மோனிகா வாசித்தவர் ஊரில் யாருடைய வேலையைப் பறித்துவிட்டார் என்று கேட்கத் தோன்றுகிறது. விதி எழுதியவர்களின் நோக்கம் நியாயமாகவே இருந்திருக்கலாம். பொதுப் பணத்தை உழைத்துச் சம்பாதிப்பவரும் வாங்கிக்கொண்டு போகக் கூடாது என்பதே அது. ஆனால் அதன் நடைமுறை விளைவு, ஊரில் யாரும் கையைக் காலை அசைக்காமல் இருப்பதே பாதுகாப்பு என்று ஆனதுதான்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. திருட்டுத்தனமாக வேலை செய்கிறார் என்று அண்டை வீட்டார்மேல் எழுதப்பட்ட மொட்டைக் கடிதங்கள், ஆலை மூடிய பின் முன்பைவிடப் பன்மடங்கு பெருகின. விசாரித்துப் பார்த்ததில் பெரும்பாலானவற்றில் உண்மை இல்லை. தலைமுறைகளாக ஒரே ஆலையில் வேலை பார்த்தவர்கள், ஒரே தொழிற்சங்கத்தில் இருந்தவர்கள் எழுதிய கடிதங்கள் இவை. வறுமை மக்களை ஒன்றுசேர்க்கும் என்று நம்புகிறவர்கள் இந்தப் பகுதியை நிதானமாகப் படிக்க வேண்டும். அதே ஊரில், ஏழை வீட்டுக் குழந்தைக்குச் சோறு போட்ட அக்கம்பக்கத்தாரும் இருந்தார்கள் என்பதையும் ஆய்வு மறைக்கவில்லை. ஆனால் ஒருவர் உதவித்தொகை இன்னொருவர் கடிதத்தால் நின்றுபோகலாம் என்ற ஏற்பாடு இருக்கும் இடத்தில், நல்லெண்ணம் எவ்வளவு காலம் தாக்குப்பிடிக்கும்?

கைநிறைய நேரம்

ஆலைத் தொழிலாளர்கள் பல பத்தாண்டுகள் போராடியது வேலை நேரத்தைக் குறைக்கத்தான். ஆலை மூடியதும் 24 மணி நேரமும் அவர்களுடையதாயிற்று. படிக்க நேரமில்லை, சங்கக் கூட்டத்துக்குப் போக நேரமில்லை என்று சொல்லிவந்தவர்கள் இப்போது படித்தார்களா, கூட்டத்துக்குப் போனார்களா என்பது நியாயமான கேள்வி. பதில் நூலகப் பதிவேட்டில் இருந்தது. 1929-க்கும் 1931-க்கும் இடையில் எடுக்கப்பட்ட புத்தகங்களின் எண்ணிக்கை கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தது. இத்தனைக்கும் இடையில் நூலகக் கட்டணமே ரத்து செய்யப்பட்டிருந்தது. வாசகர்கள் குறைந்தது மட்டுமல்ல, மிஞ்சிய வாசகர்களும் முன்பைவிடக் குறைவாகவே எடுத்தார்கள்.

செய்தித்தாள்களிலும் இதே கதைதான், ஆனால் அதில் ஒரு நுட்பம் உண்டு. அரசியல் கட்டுரைகள் நிறைந்த கட்சி நாளேட்டின் சந்தாக்கள் சுமார் 60 சதவீதம் சரிந்தன. பொழுதுபோக்குச் செய்திகள் மிகுந்த இன்னொரு நாளேடோ 27 சதவீதம்தான் இழந்தது. வேலையிழந்தவர்களுக்கு முதல் நாளேட்டின் விலை குறைவு என்பதால், காசில்லாததை மட்டும் காரணம் சொல்ல முடியாது. அரசியலில் இருந்த பிடிப்பே தளர்ந்துவிட்டது. சங்கங்களின் உறுப்பினர் எண்ணிக்கையும் தேய்ந்தது. உறுப்பினர்களுக்கு நேரடியாக ஏதாவது பொருள் ஆதாயம் தந்த ஒன்றிரண்டு மட்டும் தாக்குப்பிடித்தன. மாளிகைப் பூங்காவில் முன்பு ஞாயிறு தோறும் உட்கார்ந்து பேசுவார்கள். இப்போது பாதைகளில் புல் மண்டிக் கிடந்தது. பராமரிக்க ஆளில்லாமல் அல்ல. ஊர் முழுக்க ஆள்கள்தான்.

ஆய்வாளர்கள் ஒரு ஜன்னலுக்குப் பின்னால் கடிகாரத்தோடு உட்கார்ந்து, ஊரின் பிரதான சாலையில் நடப்பவர்களைக் கவனித்தார்கள். சுமார் 300 மீட்டர் தூரத்தில் யார் எத்தனை முறை நிற்கிறார் என்று எண்ணினார்கள். ஆண்களில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கினர் குறைந்தது இரண்டு முறை நின்றார்கள். நிற்காமல் போனவர் பத்தில் ஒருவர்தான். பெண்கள் அவர்களைவிட வேகமாக நடந்தார்கள்; நின்றதும் குறைவு. நூறு ஆண்களில் 88 பேர் கையில் கடிகாரமே இல்லை. அந்த 88 பேரில் கடிகாரம் வைத்திருந்த சிலரும் அதை வீட்டில் போட்டுவிட்டு வந்திருந்தார்கள். மணி பார்க்க வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை.

நாள்குறிப்புகளில் ஒன்றை எடுத்துப் பார்க்கலாம். முப்பது வயதைக் கடந்த ஒரு குடும்பத்தலைவர் எழுதியது. ஆறு மணிக்கு எழுந்து பிள்ளைகளை எழுப்புகிறார். ஏழிலிருந்து எட்டுக்குள் அவர்கள் பள்ளிக்குப் போகிறார்கள். அவர்கள் போனதும் கொட்டகைக்குப் போய் விறகும் தண்ணீரும் எடுத்து வருகிறார். ஒன்பது மணி வாக்கில் வீட்டுக்குள் வந்தால் மனைவி கேட்கும் கேள்வி, இன்றைக்கு என்ன சமைப்பது என்பது. அந்தக் கேள்விக்குத் தப்பித்து வயல் பக்கம் போய்விடுகிறார். பத்திலிருந்து பதினொன்று வரை என்ன நடந்தது என்ற இடத்தில், இதற்குள் மதியம் ஆகிவிடுகிறது என்று மட்டும் எழுதியிருக்கிறார். பிற்பகலும் ஏறக்குறைய அப்படித்தான். இரவு சீக்கிரமே படுக்கை. விளக்கும் நிலக்கரியும் மிச்சம்.

இந்தக் குறிப்பைச் சோம்பலின் சான்றாகப் படிப்பவர்கள் நடுவில் இருக்கும் வரியைக் கவனிப்பதில்லை. அவர் வயலுக்கு ஓடியது நேரம் போகாமல் அல்ல. பதில் சொல்ல வழியில்லாத கேள்வியிலிருந்து ஓடினார். சமையலுக்கு என்ன இருக்கிறது என்பது இருவருக்கும் தெரியும். நாளின் ஒழுங்கு குலைந்ததற்கும் அடுப்படியில் பொருள் இல்லாததற்கும் இடையிலுள்ள தொடர்பு அந்த ஒரு வரியிலேயே கிடக்கிறது.

பெண்களின் நாள்குறிப்பில் வெற்றிடமே இல்லை. அவர்களுக்குக் கூலி போயிற்றே தவிர வேலை போகவில்லை. குறைந்த காசில் சமைக்க அதிக நேரம் ஆகிறது. புதுத் துணி வாங்க முடியாததால் ஒட்டுப்போட்டுத் தைப்பது கூடுகிறது. ஆண்கள் சும்மா இருந்தும் சாப்பாட்டு நேரத்துக்கு வீட்டுக்கு வராமல் தாமதிப்பது பல வீடுகளில் சச்சரவாக இருந்தது. இதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்: ஆலையில் நின்றுவிட்டு வந்து நள்ளிரவு வரை வீட்டு வேலையும் பார்த்த அந்தப் பெண்களில் பலர், மீண்டும் ஆலைக்குப் போகவே விரும்பினார்கள். காசு ஒரு காரணம். நாலு பேரைப் பார்க்கலாம், நாலு சுவருக்குள் அடைந்து கிடக்க வேண்டாம் என்பதும் ஒரு காரணம். ஓயாமல் உழைக்கும் ஒருவருக்கும் இந்த ஏக்கம் இருந்தது என்பதால், ஆலை தந்ததை வெறும் சுறுசுறுப்பு என்று சுருக்கிவிட முடியாது.

நான்கு வகைக் குடும்பங்கள்

துணி வழங்கச் சென்று நெருக்கமாகக் கண்ட 100 குடும்பங்களை ஆய்வாளர்கள் நான்காகப் பிரித்தார்கள். எதிர்காலத்தைப் பற்றித் திட்டமும் வேலை தேடும் முயற்சியும் இன்னும் விடாத குடும்பங்கள் 16. வீட்டையும் பிள்ளைகளையும் ஒழுங்காக வைத்துக்கொண்டு, ஆனால் எதையும் எதிர்பார்க்காமல், இருப்பதைக் கொண்டு ஒடுங்கிப்போனவை 48. வீட்டு ஒழுங்கு கெடாமலே உள்ளுக்குள் முற்றிலும் நம்பிக்கையற்றுப் போனவை 11. வீடு, பிள்ளை, தம் உடம்பு என்று எதையும் பொருட்படுத்தாமல் சரிந்துவிட்டவை 25. இந்த நூறும் ஊரில் அதிகம் நொடிந்தவை என்பதால் ஊர் முழுவதற்கும் இதே விகிதம் பொருந்தாது. ஊர் முழுவதையும் எடுத்துக்கொண்டால் பத்தில் ஏழு குடும்பங்கள் இரண்டாம் வகையில் அடங்கும் என்று கணித்தார்கள்.

இந்த வகைப்பாடு மனநிலையை வைத்துச் செய்யப்பட்டது. வருமானத்தை வைத்து அல்ல. பிறகுதான் ஒவ்வொரு வகைக்கும் ஆள் கணக்கில் மாத வருமானம் எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்த்தார்கள். முதல் வகைக்கு 34 ஷில்லிங் (அன்றைய ஆஸ்திரிய நாணயம்). இரண்டாம் வகைக்கு 30. மூன்றாம் வகைக்கு 25. கடைசி வகைக்கு 19.

ஐந்து ஷில்லிங் சுமாருக்கு ஒரு படி. இந்த ஐந்து ஷில்லிங்கில் என்ன இருக்கிறது என்பதையும் ஆய்வாளர்கள் விளக்கினார்கள்: சர்க்கரை போடுவதா, அதற்குப் பதிலாகச் சாக்கரின் என்ற செயற்கை இனிப்பைப் போடுவதா, செருப்புக்கு அடித்தோல் தைக்க முடியுமா, காலுக்கு ஒன்றும் இல்லாமல் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்துவதா, எப்போதாவது ஒரு சிகரெட் வாங்க முடியுமா, தெருவில் கிடக்கும் துண்டைப் பொறுக்குவதா. மனஉறுதி, பொறுப்பு, குணம் என்றெல்லாம் நாம் பேசும் விஷயங்கள் இவ்வளவு சிறிய தொகை வித்தியாசத்தோடு இவ்வளவு ஒழுங்காக ஒத்துப்போவது சங்கடமான உண்மை. விதிவிலக்குகள் இல்லாமல் இல்லை. சரிந்தவர்கள் சரிந்ததாலேயே வருமானத்தையும் இழந்திருக்கலாம் என்றும் வாதிடலாம். ஆனால் உதவித்தொகையின் அளவு பழைய கூலியை வைத்துத் தீர்மானிக்கப்பட்டது என்பதால் அந்த வாதம் வெகுதூரம் போகாது.

வருமானக் கணக்கில் தெரியாத ஒன்றையும் அவர்கள் கவனித்தார்கள். ஆலை மூடிய அன்றைக்கே ஒரு வீடு ஏழை வீடாகிவிடுவதில்லை. அலமாரியில் துணி இருக்கிறது, பாத்திரம் இருக்கிறது, செருப்பு இன்னும் ஓராண்டு தாங்கும். அந்தக் கையிருப்பு தேயத் தேயத்தான் வறுமை வெளியே தெரிகிறது. ஒவ்வொரு பொருளும் தன் முறைக்கு உடைகிறது, கிழிகிறது; மாற்ற வழியில்லை. உதவித்தொகையின் படிகள் ஒரு பக்கம் இறங்க, வீட்டுப் பொருள்கள் மறுபக்கம் தேய, இரண்டும் சேர்ந்து ஒரு குடும்பத்தை எப்போது அடுத்த வகைக்குத் தள்ளும் என்பதைக் கிட்டத்தட்ட முன்கூட்டியே சொல்லிவிடலாம். செருப்பு முழுதும் தேய்ந்துவிடக் கூடாது என்று மகன் கால்பந்து ஆடுவதைத் தடுத்து வீட்டிலேயே இருக்க வைத்த தந்தையைப் பற்றி ஆய்வு குறிப்பிடுகிறது. இன்றைக்கும் ஒருவருடைய மாத வருமானத்தை மட்டும் பார்த்து வறுமையை அளப்பவர்கள் தவறவிடுவது இந்தத் தேய்மானத்தைத்தான். வேலை போய் ஆறு மாதம் ஆன வீடும் மூன்று ஆண்டு ஆன வீடும் ஒரே தொகையைப் பெற்றாலும் ஒரே நிலையில் இருப்பதில்லை.

பிள்ளைகளின் கிறிஸ்துமஸ் ஆசைகளை விலை போட்டுப் பார்த்தபோது, மரியன்டால் பிள்ளைகள் கேட்டவற்றின் சராசரி மதிப்பு 12 ஷில்லிங். அக்கம்பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் கேட்டவை 36 ஷில்லிங். ஆசைப்படச் செலவில்லை என்றாலும் அதையும் சுருக்கிக்கொண்டிருந்தார்கள். அதே ஊரில், காய்கறி போட்டுப் பசியாற வேண்டிய சிறு தோட்டத்தில் சிலர் பூச்செடி வைத்திருந்தார்கள். ஒரு பெண் தவணையில் முடி சுருட்டும் கருவி வாங்கினார். இப்படிப்பட்ட செலவுகளைப் பட்டியலிட்டு ஏழைகளுக்குக் கணக்குத் தெரியவில்லை என்பது எக்காலத்துக்கும் உரிய குற்றச்சாட்டு. காணாமல் போன பூனையைப் பற்றி உடைமையாளர் புகார் கூடக் கொடுக்காத, அது யார் வீட்டுச் சட்டியில் போயிற்று என்று எல்லோரும் அறிந்த ஊரில், சில ஷில்லிங்கைச் சேமித்து எந்த எதிர்காலத்துக்கு வைப்பது என்பதற்கு அந்தக் கணக்காளர்கள் பதில் சொல்வதில்லை.

பின்னாளில் வந்த விளக்கங்கள்

யஹோடா 1936-இல் கைது செய்யப்பட்டு, 1937-இல் இங்கிலாந்துக்குப் போனார். பல பத்தாண்டுகளுக்குப் பிறகு மரியன்டாலை மீண்டும் சிந்தித்து, வேலை தரும் கூலிக்கு அப்பாற்பட்ட ஐந்தை அவர் வகுத்தார்: நாளுக்கு ஒரு கால ஒழுங்கு, குடும்பத்துக்கு வெளியே பழக்கம், தனக்கு மேற்பட்ட ஒரு கூட்டு நோக்கம், சமூகத்தில் ஓர் இடம், கட்டாயச் செயல்பாடு. வேலையின்மை பற்றிய உளவியலில் இந்தக் கோட்பாடே நீண்ட காலம் கோலோச்சியது. இதை மறுத்தவர்கள், வறுமையே ஒருவரைத் திட்டமிட முடியாதவராக ஆக்குகிறது, பணத்தைக் கொடுத்துப் பார்த்துவிட்டு மற்றதைப் பேசலாம் என்றார்கள்.

ஜெர்மனியில் ஒரே நபர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கேள்வி கேட்டுச் சேர்த்த தரவுகள் இரு தரப்பையும் கொஞ்சம் திகைக்க வைக்கின்றன. வேலை போவதால் வாழ்க்கைத் திருப்தி சரிவது, வருமானம் குறைவதால் மட்டும் நேரக்கூடிய சரிவைவிடப் பெரிது என்று அவை காட்டின. இது யஹோடாவுக்குச் சாதகம். ஆனால் நெடுங்காலம் வேலையில்லாமல் இருந்தவர்கள் ஓய்வூதியர் ஆனதும் அவர்களின் திருப்தி குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்தது என்றும் தெரிந்தது. அவர்களது நாளில் எதுவும் மாறவில்லை; அதே வீடு, அதே காலை, அதே மாலை. மாறியது, வேலை தேடியாக வேண்டிய ஆள் என்ற பெயர் போய் ஓய்வு பெற்றவர் என்ற பெயர் வந்தது மட்டுமே. அப்படியானால் மனிதரை அரித்தது வெற்று நேரம் என்பதைவிட, ஊர் பார்க்கும் பார்வையும் அலுவலகம் நடத்தும் விதமும் என்று கொள்ளவே அதிக இடம் இருக்கிறது. ஹார்மோனிகாக்காரரின் கதையை நான் இந்த இடத்தில்தான் வைத்துப் பார்க்கிறேன்.

அதே ஊரில், 2020-இல்

2020 அக்டோபரில் கீழ் ஆஸ்திரிய மாநில வேலைவாய்ப்புத் துறை, கிராமாட்நொய்சீடலிலேயே ஒரு சோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. நீண்ட காலமாக வேலையில்லாமல் இருந்த அனைவருக்கும் முதலில் பயிற்சி, பிறகு உரிய கூலியோடு உறுதியான வேலை என்பது அதன் சாரம். சேருவது அவரவர் விருப்பம். மறுத்தால் உதவித்தொகை நிற்காது. பொருளாதார அறிஞர்கள் மாக்சிமிலியன் காசியும் லூக்கஸ் லேனரும் இதை மதிப்பிட்டார்கள். பங்கேற்பாளர்களை இரு குழுவாகக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு குழுவை முன்னும் மற்றதைப் பின்னும் சேர்த்ததால் ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது.

வருமானமும் பொருளாதாரப் பாதுகாப்பும் உயர்ந்தன. யஹோடா சொன்ன கால ஒழுங்கு, பழக்கவழக்கம், சமூக இடம், கூட்டு நோக்கம் ஆகியவையும் உயர்ந்தன. ஊரில் நீண்டகால வேலையின்மை பெருமளவு ஒழிந்தது. உடல்நலத்தில் மாற்றம் தென்படவில்லை. ஆண்டுக்கணக்கில் தேய்ந்த உடம்பு சில மாத வேலையில் சரியாகிவிடும் என்று எதிர்பார்க்கவும் முடியாது. திட்டம் 2024-இல் முடிவுக்கு வந்தது.

இந்த முடிவுகளைக் கொண்டு 1931-இன் கேள்வியைத் தீர்த்துவிட முடியாது. ஏனெனில் இங்கே வேலை, பணம், கட்டாயம் இல்லாத நிலை ஆகிய மூன்றும் ஒரே சமயத்தில் வந்தன. எதன் பங்கு எவ்வளவு என்று பிரிக்க வழியில்லை. மூன்றாவதைத் தனியே பிரித்துப் பார்க்க ஓரளவு உதவுவது பின்லாந்தின் சோதனை. 2017-லும் 2018-லும், வேலையில்லாத 2,000 பேருக்கு மாதம் 560 யூரோ எந்த நிபந்தனையும் இன்றி வழங்கப்பட்டது. தொகை வழக்கமான அடிப்படை உதவித்தொகையை ஒட்டியதுதான். வேலை தேடியதற்குச் சான்று காட்ட வேண்டியதில்லை. வேலை கிடைத்தாலும் தொகை நிற்காது. அவர்கள் வேலை செய்த நாள்கள் ஒப்பீட்டுக் குழுவைவிடச் சற்றே அதிகம். இரண்டாம் ஆண்டில் சராசரியாக ஆறு நாள். ஆனால் வாழ்க்கைத் திருப்தி கூடுதல், மன அழுத்தம் குறைவு, அரசு அமைப்புகள் மீது நம்பிக்கை அதிகம் என்று அவர்கள் சொன்னார்கள். கணக்கெடுப்பில் பதிலளித்தவர்கள் இரு குழுவிலுமே குறைவு. ஒப்பீட்டுக் குழுவில் இன்னும் குறைவு. ஆகவே மனநலம் குறித்த இந்த முடிவைக் கறாராகப் பிடித்துக்கொள்ள முடியாது. இருந்தும் அது காட்டும் திசை, மரியன்டாலில் யாரும் சோதித்துப் பார்க்காத ஒன்றின் திசை. 34 ஷில்லிங் வீட்டுக்கும் 19 ஷில்லிங் வீட்டுக்கும் இடையிலான வித்தியாசத்தில், பால் ஊற்றவும் மரம் வெட்டவும் பயமில்லாமல் அனுமதித்திருந்தால் எவ்வளவு குறைந்திருக்கும் என்பதைக் கணக்கிடுவதற்கான தரவு அந்த 30 கிலோவில் இல்லை. அடுத்து இத்தகைய திட்டம் எங்கே வடிவமைக்கப்பட்டாலும், வேலை, தொகை, நிபந்தனை ஆகிய மூன்றையும் தனித்தனிக் குழுக்களில் வைத்து அளக்க வேண்டும்.